மற்றப் பக்கமாய் ஓடுகிற கூடை

வுப்பர்டால்
9.2.2003

அன்புள்ள தங்கச்சி றெஜினாவுக்கு,

முதலில் பெயர்களை எழுதிவிடுகிறேன், சுகம் விசாரிப்பது பிறகு. அன்றைக்குக் கோயில் வளவில் இருந்தவர்கள்: கடைசி வீட்டுச் செலஸ்ரீன், அவளுடைய தாய், கோயில் பொறுப்பிலிருந்த லோறன்ஸ் மூப்பர், வண்டிலில் தண்ணீர் கொண்டுவந்த இராசலிங்கம், எங்கள் அம்மா, அம்மாவின் மடியில் நீ, பிறகு நான். வேறு ஒருவரும் இல்லை. செலஸ்ரீனின் தமையனும் நின்றான் என்று பின்னாளில் சிலர் கதைத்தார்கள். அது பொய். அவன் அன்று கடலுக்குப் போயிருந்தான்.

திருநாளுக்குக் காணிக்கை கொண்டுபோகப் புதுப் பெட்டி இழைத்துக்கொண்டிருந்தோம். எனக்குப் பன்னிரண்டு வயது. முதல்தரம் தனியாக ஒரு ஓலைப்பெட்டி இழைத்து விளிம்பும் கட்டி முடித்திருந்தேன். செலஸ்ரீன் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இடக்கையாலை இழைச்ச பெட்டி கோயிலுக்குள்ளை போகக்கூடாது" என்றாள். சொல்லிவிட்டு விளிம்பில் தொடங்கி ஓலை ஓலையாகப் பிரித்தாள். மூப்பர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். இராசலிங்கம் சிரித்தான். அதற்குப் பிறகு நான் ஓலை தொட்டதில்லை என்று உனக்குத் தெரியும். ஏன் என்று எத்தனை தரம் உனக்குச் சொல்லியிருப்பேன்.

இப்போது ஏன் இந்தக் கதை என்றால், இங்கே நான் கூடை இழைக்கப் பழகப் போய்வருகிறேன். சிரிக்காதே. மருமகள் பிறேமாதான் கொண்டுபோய் விட்டாள். "மாமி, யன்னலடியிலை இருந்து போற வாற சனத்துக்குக் குற்றம் பிடிச்சது காணும், வெளிக்கிடுங்கோ" என்றாள். எங்கள் பங்குக் கோயில் மண்டபத்தில் வெள்ளிக்கிழமைகளில் நடக்கிறது. சொல்லித்தருகிறவள் அன்னா, இறைச்சிக் கடைக்காரரின் விதவை, என் வயதுதான், கை இரண்டும் அகப்பை மாதிரி. இங்கே ஓலை ஏது? ஆற்றங்கரையில் தலை வெட்டிவிட்ட மொட்டை மரங்கள் நிற்கின்றன. அவற்றில் பிரம்பு போல நீள நீளமாய் முளைக்கிற கம்புதான் சாமான். வைடெ என்கிறார்கள்.

நான் இடக்கையால் கம்பைப் பிடித்ததை அன்னா கண்டுவிட்டாள். உடனே வலக்கைக்கு மாற்றினேன். அவள் என்னை எழுப்பிக் கொண்டுபோய் மேசையின் கடைசிக் கதிரையில் இருத்தினாள், மற்றவர்களின் முழங்கையோடு இடிபடாமல் இருக்க. பிறகு விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினாள். மற்றவர்கள் இந்தப் பக்கமாய்ச் சுற்றுவார்கள், நீ மற்றப் பக்கமாய்ச் சுற்று. அவ்வளவுதான். அந்த வட்டத்தைப் போட்டுக் காட்ட எங்கள் ஊரில் ஒருவருக்கும் விரல் இருக்கவில்லை.

சரி. உன் முழங்கால் நோ எப்படி? ஜெசிந்தா வேலைக்குப் போகிறாளா? மகன் யோசப்பும் பிள்ளைகளும் சுகம். எனக்குக் குளிர் மட்டும்தான் வருத்தம்.

மாதா உங்களோடு இருப்பாவாக.
அக்கா பிளோறன்ஸ்


மன்னார்
14.3.2003

என் அன்பு அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் எல்லோரும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டிக்கொள்கிறோம். சண்டை நின்று பாதை திறந்த பிறகு சாமான் விலை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. முழங்கால் பரவாயில்லை.

நீங்கள் கூடை இழைக்கிறீர்கள் என்று வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை அக்கா. சந்தோசம்தான் வந்தது.

ஒரு நல்ல செய்தி. ஜெசிந்தாவுக்குக் கலியாணம் பேசியிருக்கிறோம். பெடியன் டெனிஸ்டன், மீன்பிடிச் சங்கத்தில் வேலை. குடி கிடையாது. கோயிலில் பாடுகிறவன். இரண்டு பேருக்கும் பிடித்திருக்கிறது. நீங்கள் அவளுடைய ஞானத்தாய், உங்களுக்குத்தான் முதலில் எழுதுகிறேன். அவள் ஒன்று கேட்கச் சொன்னாள். கூறைச் சேலையும் தாலியும் கோயிலில் சுவாமியார் மந்திரிக்கக் கொண்டுபோவதற்குப் பெரியம்மா ஒரு கூடை இழைத்து அனுப்புவாவா என்று. தட்டத்தில் வேண்டாமாம், உங்கள் கூடையில்தான் வேண்டுமாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். குளிருக்குக் காதை மூடிக்கட்டுங்கள்.

உங்கள் தங்கச்சி
றெஜினா


வுப்பர்டால்
6.4.2003

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீயும் பிள்ளைகளும் நலம் என்று அறிந்து மனம் குளிர்ந்தது. ஜெசிந்தாவுக்கு என் முத்தம். கூடை இழைப்பேன். ஆனால் இப்போது அல்ல, ஏனென்றால் என் முதல் கூடை பல்லுப்போன கிழவி மாதிரி ஆடுகிறது.

நடந்தது இதுதான். அன்னா கம்பைக் காயவிடச் சொன்னாள். காய்ந்த பிறகு தண்ணீரில் ஊறவைத்து இழைக்க வேண்டுமாம். நான் நினைத்தேன், பச்சையாய் வளைகிற கம்பை எந்த விசரி காயவைத்துப் பிறகு ஊறவைப்பாள்? வீட்டுக்குக் கொண்டுவந்து பச்சையாகவே இழைத்து முடித்தேன். இறுக்கம் என்றால் அப்படி ஒரு இறுக்கம். ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்தேன். கம்பு வற்றி மெலிந்து, கூடை முழுக்க ஓட்டை. அன்னா அதைத் தூக்கி ஒருமுறை ஆட்டினாள், அது கிலுகிலுத்தது. அன்றைக்குத்தான் எனக்கு ஒடியல் நினைவு வந்தது. பனங்கிழங்கைக் காயவைத்து ஒடியலாக்கி, பிறகு ஊறவைத்துக் கூழ் காய்ச்சி வளர்ந்த எனக்கு இது விளங்காமல் போயிற்றே.

மிஞ்சின கம்புகளை எறிய மனமில்லை. யோசப் வாடகைக்கு எடுத்த தோட்டத்தில் பயற்றங்காய்ப் பாத்தியைச் சுற்றிக் வேலிக் கதியால் போல நட்டுவிட்டேன்.

அது கிடக்க, டெனிஸ்டன் யாருடைய பெடியன்? எந்த வீடு? நீ சங்கத்தை எழுதினாய், பாட்டை எழுதினாய், தாய் தகப்பனை எழுதவில்லை.

ஆண்டவர் காப்பார்.
அக்கா பிளோறன்ஸ்


மன்னார்
20.5.2003

அன்பு அக்காவுக்கு,

பதில் எழுதச் சுணங்கிவிட்டது, கோபிக்க வேண்டாம். எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்காக அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரி வைத்தோம்.

கலியாணம் செப்டெம்பர் கடைசியில். கூறை சிவப்பு, அகலக் கரை. மடித்தால் ஒரு முழ நீளம் வரும், அதற்கு ஏற்றமாதிரிக் கூடை இருந்தால் போதும். மூடி வேண்டாமாம். பிடி இருந்தால் நல்லது என்கிறாள் ஜெசிந்தா. முற்றத்து மாமரம் இந்த முறை நன்றாகக் காய்த்தது. ஆடு இரண்டு குட்டி போட்டது. வெயில் தாங்க முடியவில்லை. கோயிலுக்குப் புதிதாக வெள்ளை அடித்திருக்கிறார்கள்.

பெடியன் நல்லவன் அக்கா. அதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும்.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

தங்கச்சி றெஜினா


வுப்பர்டால்
15.6.2003

தங்கச்சிக்கு,

சுகம். உன் ஆட்டுக்கும் இரண்டு குட்டிக்கும் என் வாழ்த்து. மாமரத்துக்கும். கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை.

கூடைக்கு அடி போட்டுவிட்டேன். தடித்த கம்புகளின் நடுவைக் கத்தியால் கீறி, அந்தக் கீறலுக்குள் மற்றக் கம்புகளைக் குறுக்கே செருகினால் ஒரு சிலுவை வருகிறது. அதிலிருந்துதான் கூடை தொடங்குகிறது. எனக்கு அது பிடித்துக்கொண்டது. கம்பெல்லாம் ஒரு கிழமையாய்க் குளியல் தொட்டியில் ஊறுகிறது. யோசப் வேலையால் வந்து துவாயோடு வாசலில் நின்று, "அம்மா, இந்த வீட்டிலை இனி நான் குளிக்கிறதோ, உங்கடை கம்பு குளிக்கிறதோ, ஒண்டைச் சொல்லுங்கோ" என்றான். தொழிற்சாலையில் குளித்துவிட்டு வரச் சொன்னேன்.

இன்னொரு பகிடி. நட்ட கதியால் எல்லாம் துளிர்த்துவிட்டது. தோட்டச் சங்கத்துக்காரர் அளக்கிற நாடாவோடு வந்து, இங்கே மரம் நடக்கூடாது என்று நின்றார். நான் நட்டது வேலி என்று யோசப்பை விட்டுச் சொன்னேன். வேலி எப்படி இலை விடும் என்று கேட்டாராம். எங்கள் ஊரில் விடாத வேலிதான் பிழை என்றேன். இடுப்பு உயரத்துக்கு மேல் போகாமல் வெட்டுவதாக வாக்குக் கொடுத்து அனுப்பிவைத்தோம்.

இனிக் காரியம். டெனிஸ்டன் யாருடைய மகன்? பெயர் வராவிட்டால் கூடையும் வராது. நான் எழுதினால் எழுதினதுதான், உனக்குத் தெரியும்.

அக்கா பிளோறன்ஸ்


மன்னார்
10.7.2003

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் சுகம்.

செலஸ்ரீன் அக்காவின் கடைசி மகன்.

பயத்தில்தான் எழுதாமல் விட்டேன். பிள்ளைகள் தாங்களாகவே விரும்பினவர்கள், எங்களிடம் வந்து கேட்டார்கள். எப்படி மாட்டோம் என்பேன்? ஒரு பெட்டிக்காகவா? உங்களுக்கு அது வெறும் பெட்டி இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஜெசிந்தாவுக்கு அதை எப்படிச் சொல்வேன்?

நீங்கள் கூடை அனுப்பாவிட்டால் அவள் தட்டத்தில் கொண்டுபோவாள். ஒன்றும் கேட்கமாட்டாள். ஆனால் ஞானத்தாய் ஆசீர்வதிக்காமல் கூறை உடுக்கிறோம் என்று அவளுக்கு மனதில் இருக்கும். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

இன்னொன்று, குறை நினைக்க வேண்டாம். எத்தனையோ தரம் அந்த நாளை எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள், எழுதியிருக்கிறீர்கள். செலஸ்ரீன் அக்கா என்ன சொன்னா, மூப்பர் என்ன செய்தார், எல்லாம் எனக்குப் பாடம். அம்மாவும் அதிலேதானே இருந்தவ. அம்மாவைப் பற்றி நீங்கள் ஒருநாளும் ஒன்றும் எழுதுவதில்லை.

தங்கச்சி றெஜினா


வுப்பர்டால்
24.8.2003

அன்புள்ள சின்னமாமிக்கு,

பிறேமா எழுதுகிறேன். எல்லோரும் சுகம், உங்கள் சுகமும் அதுவாக இருக்கட்டும். மாமியிடமிருந்து கடிதம் வரவில்லை என்று யோசிப்பீர்கள். உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து மாமி யாரோடும் நிறையக் கதைப்பதில்லை. வெள்ளிக்கிழமையும் போகவில்லை. அன்னா வீட்டு மணியடித்துக் கேட்டுவிட்டுப் போனா.

கூடை முக்கால்வாசி முடிந்திருந்தது. ஒருநாள் நான் வேலையால் வந்தபோது மாமி குசினியில் இருந்து அதைப் பிரித்துக்கொண்டிருந்தா. வரி வரியாக. காலடி முழுக்க வளைந்த கம்பு. என்னை நிமிர்ந்து பார்த்து, "பிரிக்கிறது கைக்கு எவ்வளவு சுகமாய்க் கிடக்குது தெரியுமோ, பிறேமா?" என்றா. சிரித்துக்கொண்டுதான் சொன்னா. பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கையிலிருந்த கம்பை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தன் இடக்கையையே பார்த்தபடி இருந்தா. நான் தேத்தண்ணி வைத்துக் கொடுத்தேன், குடிக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கூடையையும் தூக்கிக்கொண்டு தானாகவே வெளிக்கிட்டா. ஒருமுறை வளைந்த கம்பு அந்த வளைவை மறக்காதாம், அதனால் பழையதைத் திரும்பப் போட ஏலாதாம். அன்னா புதுக் கம்பு கொடுத்திருக்கிறா. நேற்று விளிம்பு மடித்து முடிந்தது. நான் பார்த்ததில் இவ்வளவு வடிவான கூடை இல்லை. அலுமாரிக்கு மேல் இருக்கிறது. அனுப்புவதா இல்லையா என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்கிற துணிவு எனக்கும் இல்லை, இவருக்கும் இல்லை.

இவருக்கு உர்லவுப், அதுதான் லீவு, கிடைத்திருக்கிறது, கலியாணத்துக்கு வருகிறார். கூடையோடோ வெறுங்கையோடோ என்பது மாமியின் கையில்.

அன்புடன்
பிறேமா


வுப்பர்டால்
14.9.2003

தங்கச்சிக்கு,

நான் சுகம். இந்தக் கடிதத்தை யோசப் உன் கையில் தருவான், கூடையும் அவனிடம் இருக்கிறது. பெட்டிக்குள் போட்டால் நசியும் என்று மடியில் வைத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். விமானத்தில் வெள்ளைக்காரர் என்ன நினைப்பார்கள் என்று கேட்டான். கூடை வைத்திருக்கிறான் என்று நினைப்பார்கள் என்றேன்.

ஜெசிந்தாவுக்குச் சொல்லு, அவளுக்காகத்தான் இழைத்தேன், அவளுக்காகத்தான் இரண்டாம் முறையும் இழைத்தேன். அந்தப் பெடியனில் எனக்குக் கோபம் இல்லை. அது அவன் பிறக்கமுந்தின கதை. இரண்டு பேரும் நல்லாய் இருக்க வேண்டும்.

ஒரு நிபந்தனை. செலஸ்ரீன் மாப்பிள்ளையின் தாய், வரட்டும், முன்வாங்கில் இருக்கட்டும், வயிறாரச் சாப்பிடட்டும். அவள் விரல் இந்தக் கூடையில் படக்கூடாது. இதை நீ எனக்குச் செய்து தரவேண்டும்.

அம்மாவைப் பற்றி நீ கேட்டதை வாசித்தேன்.

அக்கா பிளோறன்ஸ்


மன்னார்
5.10.2003

என் அன்பு அக்காவுக்கு,

கலியாணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. எல்லோரும் சுகம். யோசப் இருந்தது எங்களுக்கு எவ்வளவு பலம். ஜெசிந்தா உங்களை நினைத்து அழுதாள், பிறகு மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

நிபந்தனையை நான் காப்பாற்றவில்லை. மறைத்து ஒருமுறை பட்டது போதும், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பூசைக்கு முன்னம் கோயில் வாசலில் நின்றோம். யோசப் கூடையைக் கையில் வைத்திருந்தான், உள்ளே கூறை. செலஸ்ரீன் அக்காவுக்கு இப்போது இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்துவிட்டது, நிழல் மாதிரித்தான் தெரியும். மகனின் கலியாணக் கூறையைத் தொட்டுப் பார்க்கவென்று கையை நீட்டினா. யோசப்புக்கு விசயம் தெரியும், கூடையைப் பின்னுக்கு இழுத்தான். என்னைப் பார்த்தான். நான் அவனுக்குத் தலையை ஆட்டினேன், கொடு என்று. ஏன் ஆட்டினேன் என்று தெரியவில்லை அக்கா. அந்தக் கை காற்றில் தடவிக்கொண்டு நின்றதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அவ கூறையைத் தொடவில்லை. விரல் கூடையில் பட்டதும் அதிலேயே நின்றுவிட்டது. சுற்றி வரத் தடவினா, அடியைத் தடவினா, திரும்பவும் மேலே வந்தா. எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். "ஓட்டம் மற்றப் பக்கம்" என்றா. "இது பிளோறன்சின்ரை கை."

நான் ஓம் என்றேன்.

விளிம்பை விரலால் இன்னொருமுறை சுற்றி வந்தா. பிறகு சொன்னா: "விளிம்பு என்ரையிலும் திறம். அண்டைக்கும் திறமாய்த்தான் கிடந்தது."

அதற்குப் பிறகு கூடையை யாரிடமும் திருப்பிக் கொடுக்கவில்லை. மணி அடித்ததும் யோசப்பின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, கூடையை நெஞ்சோடு அணைத்தபடி நடந்தா. பீடம் வரைக்கும் அப்படியே போனா. சுவாமியார் வாங்கக் கை நீட்டினபோதும் தானே குனிந்து வைத்தா. கோயிலுக்குள் அதைக் கொண்டுபோனது அவதான், அக்கா.

என்னில் கோபம் என்றால் எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் தங்கச்சி
றெஜினா


வுப்பர்டால்
9.11.2003

அன்புள்ள தங்கச்சி றெஜினாவுக்கு,

உன் கடிதமும், யோசப் கொண்டுவந்த ஒடியலும், பலகாரமும் கிடைத்தன. நீயும் புதுத் தம்பதிகளும் சுகமாய் இருக்க வேண்டும். எனக்கு இருமல் வந்து போய்விட்டது. ஒடியலை ஊறவைத்திருக்கிறேன், குளியல் தொட்டியில் அல்ல, பயப்படாதே. நாளைக்குக் கூழ். அன்னாவையும் வரச் சொல்லியிருக்கிறேன். உறைப்பைக் குறைக்கச் சொல்கிறாள் பிறேமா. குறைக்கமாட்டேன், பச்சைக் கம்பில் இழைக்க வேண்டாம் என்று சொன்னவளுக்கு இதையும் தாங்கத் தெரியும்.

யோசப்பை இருத்தி வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டேன். எந்தக் கையால் கூடையைத் தாங்கினா, அடியைப் பிடித்தாவா பிடியைப் பிடித்தாவா, விளிம்பு என்று சொன்னபோது குரல் எப்படி இருந்தது. பாவம், அவனுக்கு அலுத்துவிட்டது. "அம்மா, மனிசி கூடையைக் கொண்டுபோய் வைச்சா, அவ்வளவுதான்" என்றான். அவனுக்கு அவ்வளவுதான்.

நீ நிபந்தனையை மீறினாய். அதற்குத் தண்டனையாக இன்னும் ஒடியல் அனுப்பு. மற்றப்படி உன்னில் கோபம் இல்லை. செலஸ்ரீன் அக்காவுக்குச் சொல்லு, கண்ணை இப்போது வெட்டிச் சுகப்படுத்துகிறார்கள், கொழும்பில் காட்டச் சொல்லு. கண் தெரிந்த பிறகு கூடையை இன்னொருமுறை பார்க்கச் சொல்லு, அடியில் ஒரு இடத்தில் கம்பு பிசகியிருக்கிறது, அதை விரல் கண்டிருக்கும், சொல்லாமல் விட்டிருக்கிறா.

கதியால் எல்லாம் இலை கொட்டிவிட்டது. தையில் வெட்டலாம் என்கிறாள் அன்னா. தோட்டச் சங்கத்துக்காரரின் மனைவியும் இனி வெள்ளிக்கிழமை வரப்போகிறாளாம். அவள் கடைசிக் கதிரையில் இருக்க முடியாது, அது என்னுடையது.

மாதா எல்லோரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
அக்கா பிளோறன்ஸ்

கையெழுத்துப் போட்ட பிறகு எழுதுகிறேன். நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விட்டால் நானும் உன்னைப்போல் ஆட்டுக்குட்டிக் கதை எழுதினவள் ஆவேன்.

அன்றைக்குச் செலஸ்ரீன் அக்காவுக்குப் பதினெட்டு வயது. அதுவும் பிள்ளைதான். என் விளிம்பு திறம் என்று கண்டிருக்கிறா, பொறுக்கவில்லை, பிரித்தா. விட்டுவிட்டேன். அவவின் தாய் வேறு என்ன சொல்லுவாள், அவளுக்குத் தன் பிள்ளை. மூப்பர் செத்துவிட்டார், வெற்றிலையும் அவரோடு போகட்டும். இராசலிங்கம் எதற்கும் சிரிக்கிறவன்.

ஆனால் பிரித்துப் போட்ட ஓலையைக் கூட்டி அள்ளினவ யார் தெரியுமா? உன்னை மடியிலிருந்து இறக்கிவிட்டு எழும்பினா. எனக்காகத்தான் எழும்புகிறா என்று நான் நினைத்தேன். ஒரு வார்த்தை சொல்லப்போகிறா என்று வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஓலையை அள்ளி, வீட்டுக்குக் கொண்டுவந்து, அடுப்பு மூட்டினா. சோறு போடும்போது, "நாளையிலிருந்து வலக்கையைப் பழக்கு" என்றா.

இத்தனை வருடமும் செலஸ்ரீன் செலஸ்ரீன் என்று எழுதிக்கொண்டிருந்தேன். அந்தப் பெயரை எழுதுவது லேசாக இருந்தது. போன ஞாயிறு, செத்தவர்களுக்குச் செபிக்கிற ஆத்துமாக்கள் திருநாள். வழக்கம்போல அவவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன், செபமும் சொன்னேன். அடுத்த வருடமும் கொளுத்துவேன். அது வேறு, இது வேறு. நான் சந்தோசமாகத்தான் இருக்கிறேன், என்னைத் தேற்றி எழுதாதே. மற்ற எல்லோரையும் இறக்கி வைத்தாயிற்று. மன்னிக்காமல் வைத்திருப்பது இனி ஒருவரை மட்டும்தான்.

எங்கள் அம்மா சவிரியம்மாவை.